குதிரைப் படத்து இடக்கைக்காரர்கள்

குதிரைப் படம் என்றால் எனக்கு இன்றும் பைத்தியம்தான். கலர் வேண்டாம், பாட்டு வேண்டாம். கறுப்பு வெள்ளையில் ஓர் ஆள் தொப்பியைக் கொஞ்சம் முன்னால் இறக்கிவிட்டுக்கொண்டு தெரு முனையில் நின்றால் போதும். என் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். அவர்களுக்கு அந்தப் படங்களிடம் வாங்கித் தின்ற கடன் ஏதும் இல்லை. எனக்கு உண்டு.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே லைன் வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குச் சரக்கு ஷெட்டில் வேலை. வீடுகளுக்குப் பின்னாலிருந்த திடலில் அவ்வப்போது படக்கொட்டகைக்காரர்கள் வந்து கூடாரம் அடிப்பார்கள். கொஞ்ச நாள் எங்கள் ஊரில் ஓட்டிவிட்டு, கூடாரம், பெஞ்சு, மெஷின் எல்லாவற்றையும் சரக்கு வண்டியில் ஏற்றிக் கிள்ளானுக்குப் போவார்கள். அங்கே அலுத்ததும் மறுபடி இங்கே வருவார்கள். அவர்கள் வரும் செய்தியை அப்பாதான் முதலில் கொண்டுவருவார். அன்றைக்கு எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் சீக்கிரமே உலை வைத்துவிடுவார்கள்.

கூடாரத்தின் நடுவே வெள்ளைத் துணி கட்டியிருக்கும். ஆண்களுக்கு முன்பக்கம், பெஞ்சும் நாற்காலியும். பெண்களுக்குத் துணியின் பின்பக்கம், பாய். ஆணும் பெண்ணும் ஒரே இருட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாமா, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. படம் தொடங்குவதற்கு முன் ஓர் ஆள் வந்து செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பம்பால் அந்தத் துணியை நன்றாக நனைப்பான். நனைந்தால்தான் வெளிச்சம் எங்கள் பக்கம் ஊடுருவும். பாதிப் படத்தில் துணி காய்ந்து படம் மங்கும். உடனே பெண்கள் கத்துவார்கள். பம்புக்காரன் மறுபடி வருவான். முன்வரிசையில் இருந்தவர்களுக்குத் தலை முழுக்கு இலவசம்.

மெஷினின் வெளிச்சம் துணியின் நடுவில் ஒரு வட்டமாக எங்களுக்குத் தெரியும். தொப்பிக்காரர் நடுவில் வந்து நிற்கும்போது அந்த வட்டம் சரியாக அவர் தலைக்குப் பின்னால் அமையும். பெயர் தெரியாததால் அவரைத் தொப்பிக்காரர் என்றே சொல்வோம். எழுத்துகள் வரும், போகும். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் எங்கள் பாயில் ஒருவரும் இல்லை. அதனால் கதையை நாங்களே சொல்லிக்கொள்வோம். ஒவ்வொரு பாயிலும் ஒவ்வொரு கதை ஓடும். எந்தக் கதையாக இருந்தாலும் கடைசியில் கெட்டவன் விழுவான், ஆகவே சண்டை வராது.

அந்த ஊரைப் பார்த்து நாங்கள் வாயைப் பிளந்ததற்குக் காரணம் உண்டு. எங்களைச் சுற்றி எங்கே திரும்பினாலும் பச்சை. எப்போது பார்த்தாலும் மழை. சுவரில் பாசி, செருப்பில் பாசி, ஊறுகாயில்கூடப் பூஞ்சை. படத்திலோ கண்ணுக்கெட்டிய தூரம் காய்ந்த தரை. குதிரை ஓடினால் சலித்த மாவு போலப் புழுதி எழும்பும். எங்கள் தலைக்கு மேல் கூடாரத்தில் மழை கொட்டும். கண்ணெதிரே புழுதி பறக்கும். பக்கத்து வீட்டு அக்கா, "அங்க துணி காயப்போட்டா எப்படிக் காயும், பாத்தியாடி!" என்று ஒவ்வொரு படத்திலும் பெருமூச்சு விடுவாள். அவள் வீட்டில் ரயில்வே காக்கி உடுப்பு நாலு பேருக்குத் துவைக்க வேண்டும். அவள் கவலை அவளுக்கு.

எனக்குத் தொப்பிக்காரரின் நிதானம் பிடித்தது. ஊருக்குள் வருவார், குதிரையைக் கட்டுவார், யாரிடமும் வளவளவென்று பேசமாட்டார். பேசாத படம்தானே என்பீர்கள். மற்றவர்களெல்லாம் பேசாத படத்திலேயே வாயை ஓயாமல் அசைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் மட்டும் பார்ப்பார். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும், தெரு காலியாகும், அவருடைய நிழல் மட்டும் தரையில் நீளமாகக் கிடக்கும். முகத்தில் பாதியைத் தொப்பியின் இருட்டு மறைத்திருக்கும்; தாடை மட்டும் வெளிச்சத்தில். கறுப்பும் வெள்ளையும் தவிர வேறு நிறம் இருந்திருந்தால் அந்த அழகு வந்திருக்காது என்று அடித்துச் சொல்வேன். இரத்தம்கூட மை கொட்டின மாதிரிதான் இருக்கும், பயமே வராது. எல்லாம் முடிந்து, நன்றி சொல்ல ஊர்க்காரர்கள் கூடுவதற்குள் குதிரை ஏறிப் போய்விடுவார். எங்கள் வீட்டு ஆண்கள் ஒரு ஆணி அடித்தால் ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

கடைசியில் அந்த முத்தம் ஒன்று வரும். அப்போது பெண்கள் அத்தனை பேரும் குனிந்து இருட்டில் செருப்புத் தேடுவோம்.

இவ்வளவு பிடித்ததற்கும் மேலே எனக்கென்று தனியாக ஒரு காரணம் இருந்தது. நான் பிறவியிலேயே இடக்கைக்காரி. பீச்சாங்கை என்பார்கள் எங்கள் பக்கம். சொல்லும்போதே முகம் சுளிக்க வசதியான சொல். கரண்டி பிடிப்பது, கோலம் போடுவது, ஊசி கோர்ப்பது எல்லாம் எனக்கு அந்தக் கைதான். அம்மா செய்யாத வைத்தியம் இல்லை. சாப்பிடும்போது இடக்கையைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டுவாள். விரலில் மிளகாய் தேய்ப்பாள். அகப்பைக் காம்பால் முட்டியில் ஒன்று போடுவாள். சாப்பிட மட்டும் வலக்கை பழகியது. மற்ற வேலைக்கெல்லாம் அம்மா அந்தப் பக்கம் திரும்பினால் என் கை இந்தப் பக்கம் வந்துவிடும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று அழுவாள்.

ஒரு நாள் படத்தில் தொப்பிக்காரர் துப்பாக்கியை எடுத்தபோதுதான் கவனித்தேன். இடது இடுப்பிலிருந்து இடக்கையால் எடுத்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்து எல்லாவற்றையும் அந்தக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். கெட்டவனும் இடக்கையால்தான் சுட்டான். சட்டையில் நட்சத்திரம் குத்திய போலீஸ்காரரும் இடக்கை. கடைக்காரர் கிளாஸ் கழுவியது இடக்கையால். இரண்டு பேர் சந்தித்தால் இடக்கையைத்தான் நீட்டிக் குலுக்கிக்கொண்டார்கள். பைபிள் மேல் சத்தியம் செய்ய ஒரு கிழவர் இடக்கையைத் தூக்கினார்! ஒரு ஊரே இடக்கை. யாரும் யாருடைய கையையும் கட்டிப்போடவில்லை. அந்தப் பாயில் உட்கார்ந்து நான் அழுதேன் என்றால் நம்புவீர்களா? சந்தோஷத்தில்தான் அழுதேன். உலகத்தில் எங்கோ எனக்கென்று ஒரு தேசம் இருந்திருக்கிறது, இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே என்றிருந்தது.

பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னேன். அவர்களும் பார்த்தார்கள். ஆமாம், ஆமாம் என்றார்கள். ஸ்டேஷனில் பார்க்கும் வெள்ளைக்காரத் துவான்கள் வலக்கையால்தானே கையெழுத்துப் போடுகிறார்கள் என்று ஒருத்தி கேட்டாள். அவர்கள் வேறு வெள்ளைக்காரர்கள், இவர்கள் வேறு என்று தீர்ப்பாயிற்று. கொட்டகைக்காரர்களோடு அந்தச் செய்தியும் ஊர் மாறியிருக்க வேண்டும். இரண்டு ஊர்ப் பெண்களுக்கும் குதிரைப் படத்து ஊரார் எல்லோரும் பீச்சாங்கை என்பது தெரிந்த சங்கதியாகிவிட்டது. அப்பாவிடம் ஒரு தடவை கேட்டேன். "நான் என்ன அவன் கையவா பாத்துக்கிட்டிருந்தேன்?" என்றார். வலக்கைக்காரனின் கையை யார்தான் பார்க்கிறார்கள்?

என் கை வீட்டோடு இருந்தவரை வெறும் அடியோடு போயிற்று. பெண் கேட்டு வர ஆரம்பித்ததும் விஷயம் முற்றியது. முதலில் செந்தூலிலிருந்து வந்தவர்கள் பூ வைக்க நாள் குறித்துவிட்டுப் போனார்கள். போகிற வழியில் யாரோ என் கையைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். பீச்சாங்கைக்காரி காலெடுத்து வைத்தால் குடும்பம் விளங்காது என்று சொல்லியனுப்பினார்கள். பிறகு அப்பா ஒரு தோட்டத்துக் கங்காணியின் பேச்சை எடுத்தார். மனைவியை இழந்தவர்; அப்பாவைவிட இரண்டு வயது மூத்தவர். அவருக்குக் கை எதுவானாலும் சரியாம், வீட்டில் சமைக்க ஆள் வேண்டுமாம். கிள்ளானிலிருந்து இன்னொரு இடம் வருகிறது, அதுவும் கலைந்தால் கங்காணிதான் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

கிள்ளான்காரர்கள் வருகிற அன்று அம்மா ஒரு யோசனை செய்தாள். என் இடக்கைக்கு மஞ்சள் பத்துப் போட்டுத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டாள். கேட்டால் சுடுதண்ணீர் பட்டுவிட்டது என்று சொல்ல வேண்டும். கட்டுப் போட்ட கை வேலைக்கு வராதல்லவா, அதனால் பழக்கதோஷத்தில் நீளாது என்று கணக்கு. அவள் கணக்கில் என் கையைச் சேர்க்க மறந்துவிட்டாள்.

மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளைக்கும் ரயில்வேயில்தான் வேலை. கேசரி வைத்ததும் மனிதர் அதை விட்டுத் தலை நிமிரவே இல்லை. அவருடைய அம்மாதான் எல்லாவற்றையும் பார்த்தார். நல்ல உயரம், வாய் நிறைய வெற்றிலை, அதிகாரி மாதிரி ஒரு பார்வை. நான் வலக்கையில் காப்பித் தட்டை ஏந்திக்கொண்டு வந்தேன். தட்டு சாய்ந்தது. டம்ளர் ஒன்று அந்த அம்மாளின் மடியை நோக்கிச் சரிந்தது. அடுத்த கணம் அது என் இடக்கையில் இருந்தது. கட்டுப் போட்ட கை பாய்ந்து போய், ஒரு சொட்டுச் சிந்தாமல் பிடித்திருந்தது.

"சுட்ட கைக்கு இம்புட்டு வேகமா?" என்றார் அந்த அம்மாள்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ. தெரு காலியாகிவிட்டது, ஜன்னலெல்லாம் சாத்திவிட்டார்கள், நான் மட்டும் நிற்கிறேன் என்று தோன்றியது. "சுடலைங்க. எனக்குப் பீச்சாங்கைப் பழக்கம். மறைக்கத்தான் கட்டு" என்றேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா தரையைப் பார்த்தார்.

அந்த அம்மாள் காப்பியை வாங்கி ஒரு வாய் குடித்தார். "படம் பாப்பியா?"

"பாப்பேங்க."

"குதிரைப் படம்?"

"அதுதாங்க பாப்பேன்."

அவர் என் அம்மா பக்கம் திரும்பினார். "எதுக்கும்மா அழுவுற? அந்தப் படத்து ஊர்ல அத்தன பேரும் பீச்சாங்கைதானே. ஆடு மாடு பெருகலயா? வீடு வாசல் இல்லயா? புள்ளகுட்டி பெறலயா? நமக்கு மட்டும் என்னா கேடு?"

"அது வெள்ளக்காரன் ஊருங்க" என்றாள் அம்மா.

"நல்லாருக்கே! வெள்ளக்காரன் ரயிலு வேணும், அவன் குடுக்குற வூடு வேணும், அவன் கை மட்டும் ஆவாதா? வெத்தல பாக்க எடுங்க, தட்டு மாத்திக்குவோம்."

கங்காணி தப்பித்தார். நானும் தப்பித்தேன்.

கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போன முதல் நாளே அத்தை சட்டம் போட்டுவிட்டார். "சாப்புடறது, வெளக்கேத்துறது, பெரியவுங்ககிட்ட வாங்குறது சோத்தாங்கை. மத்ததெல்லாம் உன் இஷ்டம்." அதற்கு மேல் என்ன வேண்டும்? காய் நறுக்கினேன், கோலம் போட்டேன், தையல் மெஷின் ஒன்று வந்ததும் அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்தேன். யாராவது வீட்டுக்கு வந்து என் கையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினால் அத்தை விடமாட்டார். குதிரைப் படத்தில் ஆரம்பித்து வெள்ளைக்காரன் ஆட்டு மந்தை வரைக்கும் சொல்லி முடிப்பார். சாட்சிக்கு ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். கொட்டகை வந்தால் நாங்கள் இருவரும் தவறாமல் போய்த் துணிக்குப் பின்னால் பாயில் உட்காருவோம். அவர் தொப்பிக்காரரைப் பார்ப்பதைவிட அவருடைய கையைத்தான் பெருமையோடு பார்த்தார் என்று நினைக்கிறேன். நான் இரண்டையும் பார்த்தேன்.

பிறகு பேசும் படம் வந்தது. கூடாரம் போய், கிள்ளானில் கல் கட்டடத்தில் கொட்டகை எழுந்தது. திரைக்குப் பின்னால் இனி பெண்கள் உட்கார முடியாதாம். சத்தம் வருகிற பெட்டியை அங்கே வைத்துவிட்டார்களாம். ஆகவே பெண்களுக்கும் முன்பக்கத்திலேயே, மரத்தட்டி அடித்துப் பிரித்த ஒரு பகுதி. நாற்காலி! அத்தை புதுச் சேலை கட்டிக்கொண்டார். நாங்கள் எத்தனையோ முறை பார்த்த பழைய தொப்பிக்காரர் படத்துக்கே சத்தம் சேர்த்துத் திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குப் போனோம். வாசலில் அத்தை ஒரு பொட்டலம் கச்சான் கடலை வாங்கினார்.

படம் தொடங்கியதுமே என்னவோ சரியில்லை. தொப்பிக்காரர் எப்போதும் வலப்பக்கத்திலிருந்து வருவார். இப்போது இடப்பக்கத்திலிருந்து வந்தார். கிணறு இந்தப் பக்கம் இருக்க வேண்டியது அந்தப் பக்கம் இருந்தது. குதிரையை விட்டு இறங்கினார். தொப்பியைத் தொட்டார், வலக்கையால். கடைக்காரர் கிளாஸைத் துடைத்தார், வலக்கையால். தெரு காலியாயிற்று. ஜன்னல்கள் சாத்தின, இந்தமுறை படார் படாரென்று சத்தத்தோடு. தொப்பிக்காரர் துப்பாக்கியை எடுத்தார். வலக்கை.

தையல்காரிக்கு இது புரிய எவ்வளவு நேரமாகும்? துணியின் உள்பக்கத்தில் பார்த்தால் வலது இடதாக இருக்கும், இடது வலதாக இருக்கும். இத்தனை வருடமும் நாங்கள் ரவிக்கையை உள்பக்கமாகப் பார்த்துவிட்டு அதுதான் வெளிப்பக்கம் என்று சத்தியம் செய்துகொண்டிருந்திருக்கிறோம். எனக்கென்று ஒரு தேசமும் இல்லை. அந்த ஊரிலும் எல்லோரும் ஊரோடு ஒத்தவர்கள்தான். நனைந்த துணிக்குப் பின்னால் எங்களை உட்காரவைத்த ஒரே காரணத்தால் எனக்குக் கிடைத்த தேசம் அது.

அழுகை வந்தது, அதைவிடப் பயம் வந்தது. என் கல்யாணமே தொப்பிக்காரரின் அந்தக் கையின் பெயரால் நடந்தது. வீட்டில் நான் நிமிர்ந்து நடப்பதும் அந்தக் கையின் பெயரால்தான். அத்தை வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பெண்கள் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள். யாரோ பின்னாலிருந்து, "என்னாக்கா, ஒங்க ஆளு சோத்தாங்கையால சுடுறாரு?" என்று அத்தையைக் கேட்டுச் சிரித்தார்கள்.

அத்தை திரும்பவில்லை. திரையில் கெட்டவன் விழுந்தான். போலீஸ்காரர் வந்து வலக்கையால் தொப்பிக்காரரின் வலக்கையைப் பிடித்துக் குலுக்கினார். அத்தை ஒரு பெருமூச்சு விட்டார்.

"பாவிப் பசங்க" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "ஒரு ஊரையே அடிச்சி மாத்திட்டானுங்களே."

அவர் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிடி கச்சானை எடுத்தார். நான் வழக்கப்படி வலக்கையை நீட்டினேன். அத்தை அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"அது இல்ல. அந்தக் கைய நீட்டு."

"அத்தே, திங்கறதாச்சே..."

"நீட்டுங்கிறேன்ல? அவனுங்க மாறிட்டுப் போறானுங்க. நீ மாறாத."

இடக்கையில் வாங்கினேன். பெரியவர் கொடுத்ததை வாழ்க்கையில் முதன்முதலாக அந்தக் கையில் வாங்கி, அந்தக் கையாலேயே வாயில் போட்டேன். படம் முடிந்து விளக்கைப் போடும்வரை அத்தை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.